காற்று தூங்கும் நேரம்

போன வருஷம் மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் பள்ளியின் மொட்டை மாடியில் ஆறு அங்குல விட்டக் கண்ணாடி உள்ள தொலைநோக்கியை நிறுத்தினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். தம்பி தங்கைகளோடும் அம்மாக்களோடும் வந்தவர்களும் உண்டு. மேகம் ஒரு துண்டுகூட இல்லை. நட்சத்திரங்கள் எல்லாம் பளிச்சென்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. இப்படி ஒரு வானம் கிடைத்ததே என்று எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. வியாழன் நன்றாக மேலே ஏறியிருந்தது. அதன் மேல் ஓடும் இரண்டு பட்டைகளையும், பக்கத்தில் வரிசையாக நிற்கும் நான்கு நிலாக்களையும் காட்டுகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தேன்.

முதலில் நான் கண்ணை வைத்தேன். பட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுப்பில் கொதிக்கிற கஞ்சி போல ஒரு வெள்ளை வட்டம் தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஃபோகஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடிகளின் நிலையைச் சரிபார்த்தேன். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸை மாற்றினேன். பெரிதாக்கினால் ஆட்டமும் பெரிதானது. புனர்பூசத்தில் உள்ள காஸ்டர் நட்சத்திரம் இந்தத் தொலைநோக்கியில் எப்போதும் இரண்டாகப் பிரிந்து தெரியும். அன்றைக்கு அதுவும் ஒரே பஞ்சுப் பொட்டாக இருந்தது.

பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்துவிட்டு, எனக்காக "நல்லா இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பெண் மட்டும் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "டீச்சர், தொட்டித் தண்ணிக்குள்ள காசு கிடக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

அன்று அங்கே பேசப்பட்டதில் மிகச் சரியான இயற்பியல் அதுதான். எனக்கு அது உறைக்க மறுநாள் வரை ஆனது.

மறுநாள் சித்தப்பாவுக்கு போன் செய்தேன். காவலூர் வானாய்வகத்தில் பல வருஷம் இரவு வேலை பார்த்தவர். பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஆனால் காவலூர் இருக்கும் ஜவ்வாது மலைக் காற்றை அவரைப் போல அறிந்தவரை நான் பார்த்ததில்லை. நடந்ததைச் சொன்னதும் முதல் கேள்வியே, "எங்க வெச்ச?" என்பதுதான்.

"ஸ்கூல் மாடியில, சித்தப்பா."

"மாடியிலயா! வானம் தெளிவா இருந்தா மட்டும் போதாது பாப்பா. காத்து தூங்கணும். கான்கிரீட்டு மாடி பகலெல்லாம் வெயிலக் குடிச்சிட்டு ராத்திரியெல்லாம் கக்கும். அது மேல இருக்கற காத்து எங்க தூங்கும்?"

காற்று தூங்க வேண்டும். அவர் எத்தனையோ முறை சொல்லிக் கேட்ட வார்த்தைதான். சின்ன வயதில் அதைக் கதை போலக் கேட்டிருந்தேன். அது அளந்து பார்க்கக்கூடிய ஒரு விஷயம் என்பது அன்றைக்குத்தான் மனதில் ஏறியது.

நட்சத்திரத்தின் ஒளி வெற்றிடத்தில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் எந்தக் கலக்கமும் இல்லாமல் வந்து, கடைசியில் நம் தலைக்கு மேலே இருக்கும் சில கிலோமீட்டர் காற்றில் மாட்டிக்கொள்கிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறையப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். கேட்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஆனால் அப்படி மாறிய காற்றுத் திட்டுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக, காற்றடிக்கிற வேகத்தில் நம் கண்ணுக்கு முன்னால் ஓடுகின்றன. ஒவ்வொரு திட்டும் ஒரு கோணல் லென்ஸ். பத்து சென்டிமீட்டர், பதினைந்து சென்டிமீட்டர் அகலத்துக்குள்ளேயே ஒளி அலையின் முகம் கசங்கிவிடுகிறது. வெறும் கண்ணில் அதை நட்சத்திரம் மினுக்குகிறது என்கிறோம். தொலைநோக்கியில் அது கொதிக்கிறது.

இந்தக் கலக்கத்தின் அளவை வானியல்காரர்கள் சீயிங் என்கிறார்கள். நட்சத்திரத்தின் புள்ளி எவ்வளவு அகலத்துக்கு விரிந்து போகிறது என்பதை விகலையில் சொல்வார்கள். பஞ்சாங்கத்தில் வரும் அதே விகலைதான். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. ஒரு விகலை எவ்வளவு சின்னது என்றால், ஆலங்காயம் கடைத்தெருவில் ஒருவர் ஒரு ரூபாய்க் காசைத் தூக்கிப் பிடித்து நிற்க, நாலரை கிலோமீட்டர் தள்ளி நின்று அதைப் பார்ப்பது போல. சீயிங் ஒரு விகலை இருந்தால் நல்ல இரவு. அதற்கும் கீழே போனால் கொண்டாட வேண்டிய இரவு.

இதில் என்னைத் தூங்கவிடாத ஒரு கணக்கு இருக்கிறது. காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டம். காற்றே இல்லாவிட்டால் அதனால் 0.06 விகலை வரை நுணுக்கமாகப் பார்க்க முடியும். என்னுடைய ஆறு அங்குலம் ஒரு விகலைக்குச் சற்றுக் குறைவாகப் பார்க்கும். சீயிங் ஒரு விகலை இருக்கும் இரவில், கூர்மையைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒரே தட்டில் வந்து நின்றுவிடும்! அப்படியானால் எதற்கு அவ்வளவு பெரிய கண்ணாடி? ஒளியைச் சேர்க்க. என் கண்ணாடியைவிட அது சுமார் 240 மடங்கு ஒளியை அள்ளும். மங்கலான நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அதில் என்ன தனிமம் இருக்கிறது என்று பார்க்க அந்த ஒளி வேண்டும். ஆனாலும் கண்ணாடியை எவ்வளவு பெரிதாகச் செய்தாலும், எவ்வளவு கூர்மையாகப் பார்க்கலாம் என்பதைக் கடைசியில் தீர்மானித்தது இடம்தான், அந்த இடத்தின் காற்றுதான். காற்றின் ஆட்டத்துக்கு ஏற்றபடி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை தன்னை வளைத்துக்கொள்ளும் கண்ணாடிகள் இப்போது வந்துவிட்டன. அவற்றுக்கும் முதலில் நல்ல காற்று வேண்டும். கெட்ட காற்றை நல்ல காற்றாக மாற்ற அவற்றால் முடியாது.

அடுத்த வாரம் தொலைநோக்கியை ஏரிக்கரைக்குத் தூக்கிப் போனேன். சித்தப்பா சொன்னபடி பொழுது சாய்ந்ததுமே வெளியில் வைத்து, குழாயும் கண்ணாடியும் வெளிக்காற்றின் குளிருக்கு வரும்வரை ஒரு மணி நேரம் தொடவில்லை. சுற்றிலும் புல்லும் ஈர மண்ணும். பார்வை போகிற வழியில் வீட்டுக் கூரை இல்லை, ஏசி பெட்டி இல்லை, டீக்கடை அடுப்பு இல்லை. ஒன்பது மணிக்கு வியாழனைப் பார்த்தேன். இரண்டு பட்டைகளும் இருந்தன. பத்தரைக்கு மேல், நடுநடுவே சில விநாடிகள் படம் அப்படியே நின்றது. அந்த விநாடிகளில் பட்டையின் ஓரத்தில் இருந்த சின்ன வளைவுகள்கூடத் தெரிந்தன. அதே தொலைநோக்கி, அதே கோள், அதே கண். மாடியிலிருந்து ஏரிக்கரை ஒன்றரை கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடம், நேரம், காற்று, பனி, படம் எப்படி நின்றது என்பதற்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண். இப்படி ஒன்று முதல் பத்து வரை மதிப்பிடும் பழக்கத்தைத் தொடங்கியவர் வில்லியம் பிக்கரிங் என்ற அமெரிக்க வானியலாளர். அவர் வைத்திருந்ததும் ஐந்து அங்குலச் சின்னத் தொலைநோக்கிதான்.

அந்த நோட்டு என் பழைய நம்பிக்கை ஒன்றைத் தலைகீழாக்கியது. மழை விட்ட மறுநாள், தூசியெல்லாம் கழுவிப் போய் வானம் கண்ணாடி போல இருக்குமே, அந்த இரவுகளுக்கு நான் கொடுத்த மதிப்பெண் மூன்றும் நான்கும். அப்போது பால்வழி அழகாக இருக்கும், விண்வெளியில் மங்கலாகத் தெரியும் வாயு மேகத்திரள்களும் தெரியும். ஆனால் கோளைப் பார்த்தால் ஆடும். மார்கழி, தை மாதங்களில் லேசாகப் பனி படர்ந்து, நட்சத்திரங்கள் எண்ணிக்கையில் குறைந்து, உயிரில்லாதது போல மினுக்காமல் நிற்கிற இரவுகளுக்கோ எட்டும் ஒன்பதும். காகிதத்தில் வரைந்து ஒட்டிய மாதிரி படம் நிற்கும். தெளிவு வேறு, அமைதி வேறு. எப்போதும் இரண்டும் சேர்ந்து வருவதில்லை. மலை மலையாக அலைந்து வானாய்வகத்துக்கு இடம் தேடுகிறவர்கள் தேடுவது இரண்டும் சேர்ந்து வருகிற இடத்தை. கூடவே வறட்சி, இருட்டு, வருஷத்தில் எத்தனை மேகமில்லாத இரவு என்ற கணக்கு, பிறகு லாரி போக ஒரு பாதை.

இதெல்லாம் தெரிந்த பிறகு, வருஷா வருஷம் பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்விக்கு எனக்கே பதில் வேண்டியிருந்தது. சனிக்கிழமைகளில் காவலூரைப் பார்க்க அழைத்துப் போவேன். ஏலகிரிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் ஜவ்வாது மலை உயரமாகத்தான் தெரியும். ஆனால் வானாய்வகம் இருப்பது கடல்மட்டத்துக்கு மேல் 725 மீட்டரில்தான். சுற்றிலும் மரம். ஆடியில் போனால் மேகம், ஐப்பசியில் போனால் மழை. "இவ்வளவு மழை பெய்யற இடத்துல ஏன் டீச்சர் வெச்சாங்க?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை.

பதிலைத் தேடிப் போனால் அது நுங்கம்பாக்கத்தில் தொடங்குகிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வானாய்வகம் கட்டியது. கருவியைத் தாங்க நிறுத்திய 15 அடிக் கருங்கல் தூண் இன்றும் அங்கே இருக்கிறது, தமிழ் எழுத்துப் பொறிப்போடு. கட்டிய மனிதர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கப்பல்களுக்கு நேரமும் நாட்டுக்கு வரைபடமும் தேவைப்பட்ட காலம் அது. அதற்கு நட்சத்திரம் உச்சி கடக்கும் நேரத்தைக் குறித்தால் போதும். ஆனால் நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்க்கவும் புகைப்படம் எடுக்கவும் ஆசை வந்தபோது, உப்பும் ஈரமும் கலந்த கடற்கரைக் காற்று போதவில்லை. அங்கே முப்பது ஆண்டு உழைத்த வானியலாளர் நார்மன் போக்சன் 1882இல், தென்னிந்திய மலை ஒன்றில் 20 அங்குலத் தொலைநோக்கி வேண்டும் என்று கேட்டார். அதைப் பார்க்காமலேயே 1891இல் இறந்துபோனார். அந்தத் தூண் நிற்கும் வளாகத்தில் இப்போது மண்டல வானிலை மையம் இருக்கிறது. நட்சத்திரத்தை மறைத்த மேகங்களையே அந்த இடம் இன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் போக்சன் மேல் ஒரு பரிவு வரும்.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று கண்டறிய வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. சூரியனைப் பார்க்கும் புதிய வானாய்வகத்துக்கு இடம் நீலகிரியா, பழனி மலையா என்று வானியலாளர் மிச்சி ஸ்மித் ஆராய்ந்து, கடைசியில் கொடைக்கானல் என்று முடிவானது. 1895இல் அடிக்கல், 1899இல் இடமாற்றம். உயரம் 2343 மீட்டர். கொடைக்கானலில் மழை இல்லையா, மூடுபனி இல்லையா? எல்லாம் உண்டு. ஆனால் பார்க்க வேண்டியது சூரியனை. விடிந்த பிறகு முதல் சில மணி நேரம், தரை இன்னும் சூடேறாத நேரத்தில், அந்த மலைக் காற்று அசையாமல் இருக்கும். வெயில் ஏற ஏறத் தரையிலிருந்து சூடான காற்று கிளம்பிப் படத்தைக் கலைத்துவிடும். அந்தக் காலை நேரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில், சூரியன் முகத்தில் கரும்பொட்டாகத் தெரியும் சூரியப் புள்ளியின் விளிம்பில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகம் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது. உதய்பூரில் 1970களில் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரியின் நடுவே ஒரு தீவில் வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். தண்ணீர் தரையைப் போலச் சீக்கிரம் சூடாகாது. அதன் மேல் இருக்கும் காற்றும் கலங்காது. என் ஏரிக்கரை அனுபவத்துக்குப் பிறகு அதைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷம்.

இரவு வானத்துக்குக் கொடைக்கானல் ஒத்துவரவில்லை. வருஷத்தில் தெளிந்த இரவுகள் குறைவு. 1960களில் வானியலாளர் வைணு பாப்பு தென்னிந்திய மலைகளில் தேடிக் கண்ட இடம்தான் காவலூர். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, 1972இல் ஒரு மீட்டர், 1986 ஜனவரியில் 2.34 மீட்டர். அந்தப் பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை, 1982இலேயே போய்விட்டார்.

சரி, ஏன் காவலூர்? கொடைக்கானலின் மூன்றில் ஒரு பங்கு உயரம்தானே? பல காரணங்களில் என்னை மிகவும் தொட்டது அட்சரேகை. காவலூர் இருப்பது வடக்கே பன்னிரண்டரை பாகையில். வடதுருவ நட்சத்திரமும் தெரியும், தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். இதுவும் காற்றுக் கணக்குதான். தலைக்கு நேர் மேலே இருக்கும் நட்சத்திரத்தை நாம் பார்ப்பது ஒரு பங்கு காற்றின் வழியாக. முப்பது பாகை உயரத்துக்கு இறங்கினால் இரண்டு பங்கு. பத்து பாகைக்கு இறங்கினால் ஐந்து பங்குக்கு மேல். காற்று கூடக் கூட ஒளி மங்கும், சிவக்கும், ஆடும்.

நம் அகத்தியர் நட்சத்திரத்தையே (கனோபஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். காவலூரில் அது இருபத்துநாலரை பாகை உயரம் வரும். வடக்கே லடாக்கில் இருக்கும் ஹான்லே வானாய்வகத்திலிருந்து பார்த்தால் அதிகபட்சம் நாலரை பாகை. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தில் சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் இருக்கின்றன. காவலூரில் அது முப்பது பாகை ஏறும், லடாக்கில் பத்தைத் தொடாது. 1987 பிப்ரவரியில், சுமார் நானூறு ஆண்டுகளில் மிகப் பிரகாசமான சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரம், பெரிய மகெல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் வெடித்தது. காவலூரில் அது தெற்கு அடிவானத்துக்கு மேல் எட்டு பாகைதான் எழும்பியது. ஆறு பங்குக்கும் மேலான காற்றைத் துளைத்துக்கொண்டு அதன் நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியை, பதிவு செய்தார்கள். இமயமலையிலிருந்து பார்த்தால் அது உதிக்கவே உதித்திருக்காது. எவ்வளவு சுத்தமான காற்று இருந்தாலும் பூமிக்குக் கீழே இருப்பதை எப்படிப் பார்க்க முடியும்?

1977 மார்ச் 10 இரவையும் சொல்லாமல் இருக்க முடியாது. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அமெரிக்கர்கள் ஈரமான கீழ்க்காற்றெல்லாம் கால் அடியில் போகும்படி, விமானத்துக்குள் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்தார்கள். காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அதே நட்சத்திரத்தின் ஒளியைப் பதிந்துகொண்டிருந்தார்கள். யுரேனஸ் நெருங்கும் முன்பே ஒளி சட்டென்று ஒரு முறை குறைந்து மீண்டது. புதிய நிலா ஒன்று என்று எண்ணினார்கள், அப்படியே நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். அது யுரேனஸின் வளையம் என்பது எல்லோருடைய பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது விளங்கியது. மார்ச் மாதமாக இருந்தது நம் அதிர்ஷ்டம். நான்கு மாதம் தள்ளி நடந்திருந்தால் ஜவ்வாது மலை மேகத்துக்குள் இருந்திருக்கும். சித்தப்பா அந்த மாதங்களைப் பற்றிப் பேசும்போது குரலே இறங்கிவிடும். தொலைநோக்கியை மூடியிருக்கும் உருண்டைக் கூரையான டோமைத் திறக்க எல்லோரும் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். ஈரப்பதம் காட்டும் முள் இறங்காது. இறங்காமல் திறந்தால் கண்ணாடியில் நீர் கோத்துவிடும். விடிய விடிய முள்ளையே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பார்.

மழை மேகம் எட்டாத இடம் வேண்டும் என்ற தேடல்தான் 1990களில் லடாக்கின் ஹான்லேவுக்குக் கொண்டுபோனது. இரண்டு வருஷத்துக்கு முன், செப்டம்பரில், சேர்த்து வைத்த பணத்தில் அங்கே போனேன். லேவில் மூன்று நாள் உடம்பைப் பழக்கிக்கொண்டு, பிறகு ஒரு முழு நாள் பயணம். வானாய்வகம் இருப்பது 4500 மீட்டரில். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்கூட இல்லை. ஷூ லேஸைக் குனிந்து கட்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அங்கே உதடு வெடிப்பதற்கும் தொலைநோக்கி நன்றாக வேலை செய்வதற்கும் ஒரே காரணம், வறட்சி. பருவக்காற்றின் ஈரத்தையெல்லாம் இமயமலை தெற்கிலேயே பிழிந்துவிடுகிறது. மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வராது. தலைக்கு மேலே உள்ள நீராவி முழுவதையும் தண்ணீராக்கித் தரையில் பரப்பினால் இரண்டு மில்லிமீட்டர்கூட நிற்காது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழுங்குவது நீராவிதான் என்பதால், நம் ஊரில் மூடிக் கிடக்கும் ஒரு ஜன்னல் அங்கே திறந்திருக்கிறது. நிறமாலை எடுக்கத் தகுந்த இரவுகள் ஆண்டுக்குச் சுமார் 260. துளி மேகமும் இல்லாமல் ஒளியை அளக்கத் தகுந்தவை சுமார் 190. இரண்டு மீட்டர் ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கி 2000ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அங்கே கண் திறந்திருக்கிறது. அதை இயக்குகிறவர்கள் பெங்களூரு பக்கத்து ஹொஸ்கோட்டேயில், செயற்கைக்கோள் தொடர்பின் வழியாக.

தங்கியிருந்த வீட்டுக்கு வெளியே, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் தன் தொலைநோக்கியில் சனிக்கோளைக் காட்டினார். வளையம் அசையவில்லை. நான் அசையவில்லை. மினுக்காத நட்சத்திரங்கள் ஆயிரக்கணக்கில் தலைக்கு மேலே. அழுதேன், அதை மறைக்க வேண்டியதில்லை. அப்புறம் பழக்க தோஷத்தில் தெற்கே திரும்பினேன். அங்கே மலைகள் மட்டும் கறுப்பாக நின்றன. எங்கள் ஊர் தென்வானம் முழுக்க அந்த மலைகளுக்குப் பின்னால் எங்கோ கீழே இருந்தது.

ஆகவே காவலூர் நல்ல இடமா, ஹான்லே நல்ல இடமா என்று கேட்டால் எனக்கு ஒரே பதில் வராது. என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். அகச்சிவப்பு என்றால் ஹான்லே. அகத்தியருக்குத் தெற்கே என்றால் ஜவ்வாது மலை. சூரியன் என்றால் காலை ஏழு மணிக் கொடைக்கானல். இந்த மூன்றும் சேர்ந்த இடம் பூமியில் இல்லையா என்றால், ஓரளவு நெருங்குவது சிலியின் வடக்கு. அங்கே குளிர்ந்த கடல் நீரோட்டம் மேகத்தைக் கீழேயே அமுக்கி வைக்கிறது. கடல் மேலே தடங்கலில்லாமல் வந்த காற்று, 2635 மீட்டர் பரனால் உச்சியில் நெளியாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. கீழே மேகம், மேலே பாலைவனம், பக்கத்தில் ஊரே இல்லை. அங்கே போக எனக்கு வாய்க்குமா தெரியாது.

எனக்கு வாய்த்தது ஜவ்வாது மலைதான், அதைப் பற்றித்தான் என் கவலையும். காற்றின் குணத்தை நாம் மாற்ற முடியாது. வெளிச்சம் நம் கையில் இருக்கிறது. காவலூரிலிருந்து இரவில் பார்த்தால் வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர்ப் பக்கங்களில் அடிவானம் வெளுத்திருக்கும். தெருவிளக்கின் ஒளி நேராக மலைக்கு வருவதில்லை. மேலே போய், காற்றில் மிதக்கும் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானம் முழுக்கப் பரவுகிறது. ஈரம் மிகுந்த நம் காற்றில் இது இன்னும் அதிகம். ஹான்லேயைச் சுற்றி 2022 டிசம்பரில் இருண்ட வானக் காப்பகம் என்று அறிவித்தார்கள். விளக்குகளுக்கு மூடி போட்டிருக்கிறார்கள், ஜன்னல்களுக்குக் கனத்த திரை, இரவில் வண்டிகளின் ஹை பீமுக்குத் தடை. நம் பக்கத்திலும் தெருவிளக்கை மேலே சிதறாமல் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால் மின்சாரமும் மிச்சம், வானமும் மிச்சம். எங்கள் ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறேன். ஏரிக்கரை முனையில் இருந்த மூன்று விளக்குகளுக்குத் தகர மூடி போட்டுவிட்டார்கள். மீதிக்கும் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

இந்தச் சித்திரை முதல் வாரம், நிலா இல்லாத இரவுகளில், மறுபடி தொலைநோக்கியை எடுக்கிறோம். நள்ளிரவை ஒட்டி ஒமேகா சென்டாரி நேர் தெற்கில் முப்பது பாகை உயரத்தில் நிற்கும். கையை நீட்டி, முஷ்டியை மடக்கி, அடிவானத்திலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முஷ்டி வைத்தால் அந்த இடம் வரும். மொட்டை மாடி வேண்டாம், ஏரிக்கரைக்கு வந்துவிடுங்கள். பத்து மணிக்கு முன் வந்தால் கண் இருட்டுக்குப் பழகிவிடும். தண்ணீருக்குள் காசு என்று சொன்ன பெண் இப்போது பத்தாம் வகுப்பு, பரீட்சை முடிந்திருக்கும். அவள் முதலில் பார்ப்பதாக ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டாள். சித்தப்பாவும் வருகிறார், மஃப்ளரோடு.